மீன் கெடாத அலமாரி

வங்காளத்தின் பத்ரேஷ்வரில் சணல் ஆலைத் தெரு நூலகத்தின் பேய்க்கதை அலமாரியில் வைத்த மீன் கெடாது. கோடையில் மின்சாரம் போனால் தெருக்காரர்கள் இலிஷ் மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவார்கள். நூலகர் ரேபா சன்யால் அதை வாசலிலேயே பிடுங்கிப் பூனைக்குப் போடுவாள். சிறுவர் பகுதியில் நான்கு அலமாரிகள். சாகசக்கதை அலமாரி மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கம் நகரும். கயிறு கட்டி இழுத்து வைக்கவேண்டும். துப்பறியும் கதை அலமாரியருகே நின்றால் ஒளித்த தப்பு யார் வாயிலிருந்தாவது வெளியே வந்துவிடும். நூலகச் செயலாளர் நிதாய் பௌமிக் அந்தப் பக்கம் போவதேயில்லை. ராஜா ராணிக் கதை அலமாரிக்குள் நுழையும் எலி கொழுத்துத் திரும்பும். என்ன மாதிரிக் கதை வேண்டும் என்று சொல்லாத குழந்தைக்கு ரேபா புத்தகம் தரமாட்டாள். "நல்ல கதையா குடுங்க மாஷி" என்று கேட்டால், "நல்லதுன்னா? பயப்படணுமா, கண்டுபிடிக்கணுமா, ஊர் சுத்தணுமா, கடைசியில எல்லாம் சரியாகணுமா? தெரியலன்னா வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வா" என்பாள். குழந்தைகளுக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் அவர்களைப் பிடித்ததாக யாரும் பார்த்ததில்லை.

தேர்வு வழிகாட்டிகள் வைக்க பௌமிக்குக்கு அந்த அலமாரிகள் வேண்டியிருந்தன. "கதைன்னா கதைதானே தீதி. அதுல எதுக்கு நாலு தினுசு?" என்றார். "உங்க வீட்டுல மீனுக்கும் பாயசத்துக்கும் ஒரே சட்டியா நிதாய் தாதா?" என்றாள் ரேபா. அதன்பின் பல வருடங்கள் இருவரும் காவலாளி வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைத் தேவியின் காலடியில் வைப்பார்கள். அன்று யாரும் ஓரெழுத்துகூடப் படிக்கக்கூடாது. வழக்கமாக அலமாரிக்கு ஒரு புத்தகம்தான் போகும். அந்த வருடம் பௌமிக் ஆட்களை விட்டு நான்கையும் காலிசெய்து ஒரே குவியலாகக் கொட்டவைத்தார். சாயங்காலம் அவருடைய ஆட்கள் கைக்கு வந்ததை வந்த இடத்தில் திணித்தார்கள். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பழுப்பு அட்டை. பிரிக்கவேண்டுமென்றால் தலைப்பைப் படிக்கவேண்டும். ரேபா மூக்குக்கண்ணாடியை மாட்டினாள், கழற்றினாள். "படிங்களேன் தீதி, யாரு தடுத்தா?" என்றார் பௌமிக், பிரசாதக் கிச்சடியை வழித்தபடி. அவள் படிக்கவில்லை. மறுநாள் காலை அவள் வருமுன் அவரே கதவைத் திறந்து, வரிசையில் நின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

வக்கீல் வீட்டுக் கிணற்றில் அலையடிக்க ஆரம்பித்தது. டாக்டரின் மகன் ராஜா ராணிக் கதை என்று எதையோ படித்துவிட்டு, ஸ்ரீராம்பூரில் அப்பாவுக்கு இருக்கும் இன்னொரு வீட்டின் விலாசத்தைச் சாப்பாட்டு வேளையில் சொன்னான். தெரு ரேபாவைத்தான் ஏசியது. பௌமிக்கும் சேர்ந்து ஏசினார். அவள் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைப் பிடுங்கிவந்து மறுபடி பிரித்து அடுக்கினாள். ஒன்று மட்டும் பாக்கி. அது ரயில்வே குமாஸ்தாவின் மகள் மிஷ்டுவிடம் இருந்தது. அவளுடைய அம்மா கேயா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்தவள். இப்போது அடுக்களையில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். பாதம் பின்பக்கம் திரும்பியிருந்தது. எலுமிச்சை வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அடுத்த வீட்டு மரத்தில் பறித்தாள். அடுத்த வீட்டார்தான் முதலில் கூட்டம் சேர்த்தார்கள்.

புத்தகம் நூலகத்துக்குத் திரும்பினால் கேயாவும் போய்விடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். "பிடுங்கிட்டு வாங்க. இல்லன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார் பௌமிக். கூட்டம் மிஷ்டு வீட்டு வாசலில் நிற்க, ரேபா உள்ளே போனாள்.

"அலமாரி மாறிப்போச்சு. நீ வச்சிருக்கறது பேய்க்கதை."

"தெரியும் மாஷி. முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் திருப்பித் தரல?"

"ராஜா ராணிக் கதையில அம்மா முதல்லயே செத்துப்போயிடுவாங்க. கடைசிவரைக்கும் வரமாட்டாங்க. இதுலதான் வர்றாங்க."

"இதுல எல்லாம் சரியாகாது."

"சரியாக வேணாம்."

அடுக்களையிலிருந்து மூக்கால் பேசும் குரல், "தீதிக்கு டீ போடட்டுமா?" என்றது.

ரேபா டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். "தெரிஞ்சு வச்சிருக்கா. பிடுங்க எனக்கு உரிமையில்ல" என்று சாவிக்கொத்தைப் பௌமிக்கின் காலடியில் போட்டாள். யாரோ அவள்மேல் சாணி எறிந்தார்கள். துடைக்காமல் நடந்துபோனாள்.

அலமாரிகளில் தேர்வு வழிகாட்டிகள் ஏறின. கதைகளைக் கோணிகளில் கட்டி வராந்தாவில் போட்டார்கள். மழைக்காலத்தில் கோணிகள் ஆற்றுப் பக்கம் நகர்ந்தன. இழுத்து வைக்க ஆளில்லை. கோடை வந்தது, மின்சாரம் போனது. முதலில் அடுத்த வீட்டார் தயங்கித் தயங்கி ஒரு இலிஷை மிஷ்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கேயா அதை வாங்கி அடுக்களைப் பரணில் வைத்தாள். பிறகு தெருவே கொண்டுபோனது. ரேபா தினமும் அங்கே டீ குடிக்க வந்தாள். எந்த மீன் யாருடையது என்று அவள்தான் கேட்டு வைத்தாள். பௌமிக் வீட்டு மீன் மட்டும் பூனைக்குப் போனது.