திண்டிவனம் என்றொரு கிருமி

ஃப்ளூ கிருமியை எந்த ஊரில் பிடிக்கிறார்களோ அந்த ஊர்ப் பெயரையே அதற்கு வைப்பது உலக வழக்கம். விழுப்புரத்துக்கு அந்தப் பெருமையை வாங்கித்தரத்தான் டாக்டர் அப்பாண்டைராஜ் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத் திறப்பு விழா பேனரில் அவர் முகமே பேருந்து அளவுக்கு இருந்தது. உள்ளே கிருமியின் மரபணுவைப் படிக்கும் கருவிதான் இல்லை. மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பி, மரபணுவைப் படித்துப் பதில் வருவதற்குள் நோயாளிக்குச் சளி போய், கல்யாணமும் ஆகியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து, அவரிடம் ஜூனியராக இருந்த பூவரசன் திண்டிவனத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி வாங்கிவிட்டான். இன்று மூக்கில் குச்சி விட்டால் நாளை முழு மரபணுவும் கம்ப்யூட்டரில். தடுப்பூசி செய்பவர்கள் அதைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிடலாம்.

"அது பொம்மை!" என்று ஊரெல்லாம் சொன்னார் அப்பாண்டைராஜ். ஆனால் பொம்மையைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை.

"ஒடம்பு அனலா கொதிக்குது, திண்டிவனத்துக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி ரத்னமாலா.

"மல்லாட்டை வாங்கினு வர்றேன். அங்க கடலை நல்லா இருக்கும்."

"விழுப்புரத்துல மல்லாட்டைக்குப் பஞ்சமா?"

பூவரசன் வாசலுக்கே வந்தான். "வாங்க சார்! இன்னா சார், மூக்கு ஒழுகிக்கினு இருக்குது?"

"ரோட்டுத் தூசி."

"ஒரு குச்சி வுட்டுப் பாத்துடலாம் சார். ஜல்தியா முடிஞ்சிரும்."

கருவி சொதப்புவதைக் கண்ணால் காணும் ஆசையில், "உன் பொம்மை இன்னா கிழிக்குதுன்னு பாக்கறேன்" என்று மூக்கை நீட்டினார்.

மறுநாளே போன். "சார், புது மாற்றம் சார்! யாரும் பாத்ததே இல்ல! தடுப்பூசிக்காரங்க ஒடனே கேட்டு வாங்கிக்கினாங்க!"

"பேரு?"

"ஏ வகை, திண்டிவனம், ஒண்ணாம் நம்பர்."

"டேய், அது விழுப்புரத்து மூக்குடா!"

"மூக்கு உங்களுதுதான் சார். குச்சி வுட்ட எடம் எங்களுது. ரூல்ஸ் சார்."

விழுப்புரத்தின் பேரிலும் ஒன்று பதிய, தம் ஆய்வுக்கூடத்துக்கு ஓடித் தமக்குத் தாமே குச்சி விட்டுப் பார்த்தார். மூக்கு சுத்தமாகக் காய்ந்திருந்தது. உடம்பு குணமானதற்காக ஒரு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டது அன்றுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ரத்னமாலா தும்மினாள். அவர் முகம் மலர்ந்தது. "அசையாத! குச்சி எடுத்துக்கினு வர்றேன்!"

"வோணாம். எல்லாம் ஆயிடுச்சி" என்று மூக்கைத் துடைத்தாள் ரத்னமாலா. "ஒங்ககிட்ட குடுத்தா நான் எந்தக் காலத்துல பதில் பாக்கறது? காலைல நானும் மல்லாட்டை வாங்கத் திண்டிவனம் போயிருந்தேன். பூவரசன் தம்பி என் குச்சிக்கு ரெண்டாம் நம்பர் போட்டுட்டாரு."