சூட்டுக்களத்தில் ஆங்கிலம் கற்ற பூதம்

1994ஆம் ஆண்டு மாசி மாதம் ஒன்பதாம் திகதி முற்பகல், ஜெயபுரத்தில் ஏரம்புவின் சூட்டுக்களத்தில், ஓர் ஆங்கிலச் சொல்லைக் கேட்டு நெற்குவியல் ஒரு முழம் உயர்ந்தது. அப்போது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். காணிக்காரரும் களத்துக்குப் பொறுப்பானவருமான ஏரம்பு; தேத்தண்ணீர்க் கேத்திலோடு வரம்பில் நின்ற அவர் மனைவி விமலேஸ்வரி; கதிர் மிதிக்க மாடு வளைத்த செல்வராசா; ஏரம்புவின் வயலைப் பங்குக்குச் செய்த எங்கள் வீரபாகு; தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த வீரபாகுவின் மகள் பிரேமிளா, வயது இருபத்தொன்று. தாமும் நின்றதாகப் பின்னாளில் சொன்ன பதினேழு பேரின் பெயர்களும் எங்களுக்குத் தெரியும். அவர்கள் நிற்கவில்லை.

களத்தில் பூதம் இருப்பது புதிய செய்தி அல்ல. கதிர்ப்போரான சூட்டை மாடு மிதிக்கும்போது நெல்லைத் தூக்கிக்கொண்டு போவது அதன் தொழில். பெயர் தெரிந்த பொருளைத்தான் அதால் தூக்க முடியும் என்பதால், களத்துக்குள் எதையும் அதன் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. நெல்லைப் பொலி என்பார்கள், மாட்டை வாரிக்காலன் என்பார்கள், அள்ளும் ஓலைக் கடகத்தைப் பெருவாயன் என்பார்கள். உழவு இயந்திரத்தால் சூடடித்த காலத்தில் அந்தச் சத்தம் ஒத்துவராமல் பூதம் விலகியிருந்தது. 1990க்குப் பிறகு டீசல் வன்னிக்கு வரவில்லை. மாடுகள் களத்துக்குத் திரும்பின, பூதமும் திரும்பியது. ஆனால் நாற்பது வருடமாக அதே சொற்களைக் கேட்டதில் அவற்றையும் அது கற்றுக்கொண்டிருந்தது. அந்த வருடம் இருபது மூட்டை காணவேண்டிய சூட்டில் பதின்மூன்றுதான் கண்டது. ஏரம்பு களத்தைச் சுற்றித் திருநீறு தூவினார். மறுநாள் பன்னிரண்டு கண்டது.

எங்கள் குடும்பம் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தோடு மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது. வந்த இடத்தில் எங்களை வேறொரு பெயர் சொல்லி அழைத்தவர்கள் இருந்தார்கள்; அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காடு வெட்டினோம், கிணறு தோண்டினோம், யாரிடமும் இரவல் கேட்கவில்லை. குடும்பத்தில் அதற்கு முன் ஆங்கிலம் கேட்டவர்கள் உண்டு, பேசியவர்கள் இல்லை. கேட்டதும் துரைமார் வாயிலிருந்து. அவை பெரும்பாலும் கட்டளைகள். ஜெயபுரத்துக்கு வந்த அன்றே வீரபாகு, தன் பிள்ளை பிறர் வயலில் கூலிக்குக் குனியாது என்று சொன்னார். பிரேமிளாவுக்கு அப்போது நான்கு வயது. பதினைந்து வருடம் கழித்து அவள் கடலேரி கடந்து குடாநாட்டிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போனாள். முதல் வருட முடிவில் ஆங்கிலச் சிறப்புக் கற்கைக்கான வாய்மொழித் தேர்வில் அவள் தோற்றாள் என்று சொல்பவர்கள் உண்டு. தோற்கவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டாள். விரிவுரையாளர் அம்மையார் அவளிடம், “உம்முடைய ஆங்கிலத்தில் பிழை இல்லை. ஆனால் அதில் சொல்லும் இல்லை. சித்திரையில் திரும்பி வாரும்” என்றார். அவள் நூல்நிலையத்தில் இருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு கடினமான சொற்களையும் நூற்று நாற்பது மரபுத்தொடர்களையும், தாள் கிடைக்காத காலமானபடியால் சவர்க்கார உறைகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு ஊருக்கு வந்தாள். படித்தாள், பிடிபடவில்லை. காலையில் மனப்பாடம் செய்தவை மத்தியானம் மேய்ச்சலுக்கு மாடு சாய்க்கப் போய்விட்டு வரும்போது இருப்பதில்லை.

அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வரம்பில் நின்றவளை ஏரம்பு பார்த்தார். குறைந்துபோன குவியலின் கோபம் அவருக்கு.

“பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பின பெட்டையல்லோ? எங்கை, உந்தக் குவியலுக்கு இங்கிலீசிலை என்ன பேர் எண்டு சொல்லு பாப்பம். துரைமாருக்குத் தேத்தண்ணி ஊத்தின ஆக்களுக்குத் தெரியாமலோ இருக்கும்?”

வீரபாகு விளக்குமாற்றை நிறுத்தினார். பிரேமிளா அதற்குள் பதில் சொல்லிவிட்டாள். “கோர்னுகோப்பியா” என்றாள். குறையாத நிறைவு என்று பொருள். சொல் முடிவதற்குள் குவியல் ஒரு முழம் உயர்ந்தது. தூக்கிக்கொண்டிருந்த பொருளுக்குத் திடீரென்று பெயர் தெரியாமல் போகவே, பூதம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டது. செல்வராசா மாடுகளை நிறுத்தினார். விமலேஸ்வரி கேத்திலைக் கீழே வைத்தார். ஏரம்பு அந்தச் சொல்லைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குவியல் அசையவில்லை. ஒரு தடவை கேட்ட சொல்லைப் பூதம் மறப்பதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஏரம்பு எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். பதினேழு வருடத்தில் அவர் அந்தப் படலையைத் தாண்டியதில்லை. களத்து வரம்பில் நின்று பிள்ளை சொற்களைச் சொன்னால் போதும் என்றார். வீரபாகு, “என் மக வரம்புல நிக்க மாட்டா. சொல்றதுன்னா களத்துக்குள்ள நின்னு சொல்லுவா” என்றார். பெண்கள் களத்துக்குள் கால் வைப்பதில்லை என்று ஏரம்பு தொடங்க, பின்னால் வந்த விமலேஸ்வரி அவரை முடிக்க விடவில்லை. “நெல்லு ஆருடைய காலைப் பாத்தப்பா வருது? நிக்கட்டும்.” வீரபாகுவின் மனைவி சிவலட்சுமி கதிரையைத் தூசி தட்டி வைத்து, “ஒக்காருங்க ஐயா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்” என்றாள். சீனி இல்லாத காலம்; பனங்கட்டிதான் இருந்தது. ஏரம்பு உட்கார்ந்தார், குடித்தார், இரண்டாவது துண்டுப் பனங்கட்டியும் கேட்டு வாங்கினார். இதைச் சிவலட்சுமி அன்றே அயலில் நான்கு வீடுகளுக்குச் சொல்லிவிட்டாள்.

காணிக்காரரின் நெல் முதலில், பங்குகாரரின் நெல் கடைசியில் என்பது அந்தக் களத்து வழக்கம். பதினொரு நாள் ஏரம்புவின் சூடுகள் மிதிபட்டன. பிரேமிளா வெறுங்காலோடு களத்தின் நடுவில் நின்று, குவியல் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு புதுப் பெயர் வைத்தாள். சின்னச் சொற்கள் பயன்படவில்லை. அரிசிக்கும் சாக்குக்கும் வண்டிலுக்குமான ஆங்கிலத்தைப் பூதம் பழைய வெள்ளைக்கார அரசாங்க ஏசண்டின் காலத்திலேயே கேட்டு வைத்திருந்தது. ஆகவே நாளுக்கு நாள் கடினமான சொற்கள் தேவைப்பட்டன. மூன்றசைச் சொற்கள் முதல் நாளே தீர்ந்தன, லத்தீனில் இருந்து வந்தவை ஒரு வாரம் தாங்கின, கிரேக்கத்தில் இருந்து வந்தவை கடைசி மூன்று நாளும் காப்பாற்றின. செல்வராசா மாட்டின் பின்னால் நடந்தபடி, “பிள்ளை, உதைக் கேட்டு மாடும் நிண்டு யோசிக்குது. மாட்டுக்கு விளங்கிற மாதிரி ஒண்டைச் சொல்லு, நான் வீட்டை போகவேணும்” என்பார். பதினோராம் நாள் பின்னேரம் ஏரம்புவின் நெல் ஒரு மரைக்கால்கூடக் குறையாமல் நெல் சேர்க்கும் கோட்டைக்குள் ஏறியது. பிரேமிளாவிடம் அறுநூற்றுப் பன்னிரண்டாவது சொல்லும் முடிந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் வீரபாகுவின் சூடு. ஒன்பது மூட்டை காணவேண்டியது. அந்த ஒன்பதுதான் வீட்டின் வருடச் சாப்பாடு. அது போனால் பிரேமிளா சித்திரையில் கடலேரி கடக்க முடியாது, நாற்று நடப் பிறர் வயலில் குனியத்தான் வேண்டும். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குவியல் ஒன்பதில் இருந்து எட்டானது, ஏழானது. பழைய சொற்களை அவள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வெயில் ஏறும்போது நான்கு மூட்டை அளவுதான் கிடந்தது. ஏரம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீரபாகு அவர் பக்கம் திரும்பவில்லை. விளக்குமாற்றால் குவியலின் ஓரத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் ஆட்கள் பிறர் முன்னால் தலையில் கை வைப்பதில்லை.

பிரேமிளாவின் கையில் மரபுத்தொடர்கள் எழுதிய உறைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றை அவள் அதுவரை எடுக்கவேயில்லை. அவற்றில் இருந்தவை எல்லாம் பாலர் வகுப்புச் சொற்கள், பூதத்துக்கு ஒருபோதும் தாக்குப்பிடிக்காதவை. வேறு வழியில்லாமல் முதலாவதைச் சொன்னாள். “வன்ஸ் இன் எ புளூ மூன்.”

குவியல் இறங்குவது நின்றது. களத்து ஓரத்து வைக்கோலில் இரண்டு ஆள் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. பூதம் உட்கார்ந்துவிட்டது. பிறகு சுளகால் புடைக்கும் சத்தம் போன்ற ஒரு குரல் கேட்டது.

“நீலமும் தெரியும், நிலவும் தெரியும். ரெண்டும் சேந்து இஞ்சை என்ன செய்யுது?”

“எடுத்ததைக் கொண்டுவந்து வையும், சொல்லுறன்” என்றாள் பிரேமிளா.

ஒரு கடகம் நெல் குவியலில் விழுந்தது. எப்போதாவது ஒருமுறை அருமையாக நடப்பதைச் சொல்வது என்று அவள் விளங்கப்படுத்தினாள். பூதத்துக்குப் போதவில்லை.

“எப்ப சொல்லுறது? ஆருக்குச் சொல்லுறது? பெரியாக்களுக்கு முன்னாலை சொல்லலாமோ?”

பிரேமிளா யோசித்தாள். உறையில் பொருள் இருந்தது, இந்த மூன்றுக்கும் பதில் இருக்கவில்லை. “கதைக்கேக்கை சொல்லலாம், நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதேக்கை சொல்லக்கூடாது. ஏரம்பர் ஐயா எங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிக்கிறதுக்குச் சொல்லலாம்” என்றாள். செல்வராசா மாட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். விமலேஸ்வரி வெளிப்படையாகவே சிரித்தார். ஏரம்பு மாடுகளின் கால்களைக் கவனமாகப் பார்த்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பது மரபுத்தொடர்களும் சொல்லப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பூதம் அதே மூன்று கேள்விகளைக் கேட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கடகம் வைத்தது. பதில் தெளிவாக இல்லாவிட்டால் வைத்ததைத் திரும்ப எடுத்தது, பிரேமிளா வேறு உதாரணம் சொன்னாள். விளக்கிச் சொல்லச் சொல்ல, அதுவரை உறையில் இருந்தவை அவளிடம் வந்து சேர்ந்தன. சாக்குகளில் அளந்து கட்டியபோது பதினொரு மூட்டை கண்டது. கூடுதலான இரண்டும் பிரேமிளா சொல்லத் தொடங்குமுன் ஏரம்புவின் சூட்டிலிருந்து போனவையாகத்தான் இருக்கவேண்டும் என்று வீரபாகு கணித்து, அவற்றைத் தானே தோளில் சுமந்து போய் ஏரம்புவின் கோட்டைக்குள் இறக்கினார். பிறர் நெல் எங்கள் பானையில் வேகாது. ஏரம்பு அடுத்த வருடம் சூடு மிதிக்கத் தொடங்கிய அன்று, “முதல் வீரபாகுவின்ரை” என்று மட்டும் சொன்னார். அந்தக் களத்தில் அதன் பிறகு வழக்கம் அதுவே.

சித்திரையில் பிரேமிளா கடலேரி கடந்தாள். விரிவுரையாளர் அம்மையார் ஒரு மரபுத்தொடரைச் சொல்லி, பொருள் என்ன, எந்த இடத்தில் சொல்வது, யாரிடம் சொல்வது, மரியாதைக்குரியவர் முன் சொல்லலாமா என்று கேட்டார். பிரேமிளா ஒரு கணமும் தயங்கவில்லை. நூறு கேள்விகளில் தொண்ணூற்றெட்டுக்குச் சரியான பதில் சொன்னாள். மற்ற இரண்டும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். அந்த வருடம் சிறப்புக் கற்கைக்கு எடுக்கப்பட்ட பத்துப் பேரில் அவள் பெயர் முதலாவது. இடையில் பல்கலைக்கழகம் மூடியது, திறந்தது. பட்டம் 1998இல் கிடைத்தது, முதல் வகுப்பு.

பூதம் அதன் பிறகு நெல்லில் கை வைக்கவில்லை. விடுமுறைக்கு அவள் கொண்டுவரும் சொற்களுக்காக எங்கள் வைக்கோற்போரில் காத்திருந்தது. ஜெயபுரத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது வீரபாகுவின் வண்டிலில் ஏற்றப்பட்டவை பானைகளும் இரண்டு பாய்களும் சவர்க்கார உறைகளும்தான். ஆனால் அச்சு நெரியும் அளவுக்கு வண்டில் தாழ்ந்துபோயிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாடுகளை மாற்றிப் பூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் பூவரசங்குளத்தில் ஒரு வருடம், பிறகு நெளுக்குளத்தில் சொந்த வீடு. சோதனைச்சாவடியில் ஆட்களை எண்ணியபோது மூன்று என்று எழுதினார்கள். அது அவர்கள் கண்ட கணக்கு.

2000ஆம் ஆண்டில் இருந்து பிரேமிளா வவுனியாவில் பல்கலைக்கழக மொழி மாணவர்களுக்கு உயர்நிலை ஆங்கிலச் சொல்வளமும் மரபுத்தொடரும் கற்பிக்கிறாள். வகுப்பில் உட்காரும் கடைசி வாங்கை மாணவர்கள் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அது நடுவில் வளைந்திருக்கிறது. புதிய தொடர் ஒன்று பலகையில் எழுதப்பட்டால் பின்னாலிருந்து மூன்று கேள்விகள் வரும். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரம் திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் அந்தக் கேள்விகளைத் தாங்களே கேட்கத் தொடங்குவார்கள். வரவுப் பதிவேட்டில் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் ஒரு நாளும் அது வராமல் இருந்ததில்லை.

பூதம் சொல்லிக் கொடுத்துத்தான் வீரபாகுவின் மகள் தேர்வில் சித்தியடைந்தாள் என்று நெளுக்குளத்திலும் பூவரசங்குளத்திலும் ஒரு கதை உலவுகிறது. அது பொய். பிரேமிளாதான் பூதத்துக்குச் சொல்லிக் கொடுத்தாள்.