பார்த்துக்கொள்ளும் வேலை

அருக்காணி அந்தத் தொடக்கப்பள்ளியில் சமையல் உதவியாளர். அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டை உரிப்பது, அண்டா தேய்ப்பது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரில் எழுதியிருந்தது இவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தது விஜயலட்சுமி டீச்சர்.

டீச்சர்தான் தலைமையாசிரியை. பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். இன்னொருவர் மாதத்தில் பாதி நாள் பயிற்சிக்குப் போய்விடுவார். பிள்ளைகளின் உயரம், எடை, வருகை என்று மேலேயிருந்து கேட்பதையெல்லாம் போனில் ஏற்ற டீச்சருக்குக் கிடைத்தது அந்த மதிய நேரம் மட்டும்தான்.

"அருக்காணி, கொஞ்ச நேரம் பசங்கள பாத்துக்கம்மா. போன் மேல போன் போட்டு உயிர வாங்குறாங்க."

"நீங்க போங்க டீச்சர். எம் பையனும் இங்கதான படிக்கிறான், பாத்துக்கிறேன்."

அப்படி ஆரம்பித்தது இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எந்தப் பிள்ளை மஞ்சள்கருவைத் துப்பும், எவன் அடுத்தவன் தட்டில் கை வைப்பான், யார் காலையில் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறது என்பதெல்லாம் டீச்சரைவிட அருக்காணிக்கு நன்றாகத் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் விளையாடும்போது அவள் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வாள். பள்ளிக்குப் பின்னால் உப்பளத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பிள்ளையையும் போக விட்டதில்லை.

உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊர் அது. பள்ளி கேட்டின் மேல் கீல் துருப்பிடித்து உதிர்ந்துபோய், கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அதில் ஏறி ஆடுவார்கள். "டீச்சர், கேட்டு ஆட்டம் காணுதுங்க" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். டீச்சரும் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். அவனைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வாய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள் அருக்காணி. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது கேட்டு தரையில் கிடந்தது. இரண்டாம் வகுப்பு இலக்கியாவின் வலது கை அதன் அடியில் இருந்தது.

எப்படித்தான் தூக்கினாளோ, ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டாள். முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்றி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, உப்பு மூட்டை ஏற்றிவந்த லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினாள். போனைக் கையில் பிடித்தபடி ஆபீஸ் அறை வாசலில் நின்ற டீச்சர், "ஐயோ" என்று கத்தினார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இலக்கியாவின் அப்பன் கன்னியப்பன் உப்பளத்திலிருந்து அப்படியே வந்திருந்தான். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அருக்காணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ மட்டும் இல்லன்னா எம் பொண்ணு கதி என்னாயிருக்கும் யக்கா."

விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், டீச்சர் அருக்காணியின் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தத் தெருவுக்குள் வந்ததில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அருக்காணி, நான் கிளாஸ்ல நோட்டு திருத்திட்டு இருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வெளிய பசங்கள பாத்துக்கிறது உன் பொறுப்புன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு."

"அது எப்படிங்க டீச்சர்? நீங்க சொல்லித்தான நின்னேன்."

"எனக்கு இன்னும் ஒரு வருஷந்தான் சர்வீஸ். இப்ப சஸ்பெண்டு பண்ணா பென்ஷன் நின்னுடும். உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் இருக்கேன்ல, விட்டுடுவேனா?"

பேச்சு வராமல் இருந்த அருக்காணியின் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வருஷம் பாடுபட்டு எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தவர் இந்த டீச்சர். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சரிங்க" என்றாள்.

மறுநாள் அதிகாரி கேட்டார். "பிள்ளைங்கள பாத்துக்கிற பொறுப்பு உங்களுதுதானா?"

"ஆமாங்க."

"அப்ப கேட்டுல ஏறுறத ஏன் பாக்கல?"

வாந்தி எடுத்த பையனைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். சொன்னாள். எழுதினார். கையெழுத்துப் போட்டாள். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதியதைப் பெற்றோர் முன்னால் சத்தமாக வாசித்தார்கள். கவனக்குறைவு என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. கடைசி வரிசையில் இருந்த கன்னியப்பன் எழுந்து வந்தான்.

"உம் பொறுப்புன்னு நீயே ஒத்துக்கிட்டியா யக்கா?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கேக்குறேன்ல. எம் பொண்ணு கேட்டுல ஏறும்போது நீ எங்க போன?"

"கொழாயாண்ட இருந்தேம்பா."

"ஆஸ்பத்திரில உங்கையப் புடிச்சிக்கிட்டு அழுதனே. த்தூ!"

துப்பியது தரையில்தான் விழுந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. தெருக்குழாயில் அவள் குடத்தோடு போனால் இலக்கியாவின் அம்மா நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அருக்காணி இரண்டு தடவை அவர்கள் வாசல்வரை போனாள். கையெழுத்துப் போட்டவள் பேச்சை யார் நம்புவார்கள் என்று திரும்பிவிட்டாள்.

பதினைந்து நாளில் அருக்காணிக்கு மாறுதல் உத்தரவு வந்தது. டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பள்ளிக்கே போனாள். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அருக்காணி, மேலிடத்து முடிவு" என்றார். கேட்டு இருந்த இடத்தில் சவுக்குக் கம்பு கட்டியிருந்தார்கள்.

புதுப் பள்ளி திண்டிவனம் போகிற வழியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில் இருந்தது. அங்கே அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு போட்டதும் சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஜூலையில் ஒரு நாள் மதியம், வாசலில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்பிடித்து விளையாடிய சின்னப் பெண் ஒன்று, பத்தடி தூரத்தில் சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அருக்காணி பாதி எழுந்தாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் மறுபடி உட்கார்ந்து அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அழுகைச் சத்தம் கேட்டு ஒரு இளம் டீச்சர் கையில் சோற்றோடு ஓடி வந்தார். "ஏங்க, இங்கதான இருக்கீங்க. இது விழுந்தத பாக்கலையா?"

"பாக்கலிங்க" என்றாள் அருக்காணி.

டீச்சர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அண்டாவில் அடிப்பிடித்த கரி எப்போதோ போய்விட்டிருந்தது. அவள் அந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.