விழாத ஆடு

பிரார்த்தனை மண்டபத்தில் வாரா வாரம் பேசுகிற கண்ணாடிக் கடைக்காரரைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. வாரம் முழுக்க ஊரார் மூக்குக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்துவார். விடுமுறை நாளில் மேடை ஏறி ஏதாவது ஒரு மிருகத்தைப் பிடித்துக்கொள்வார். ஒட்டகத்தின் இமை, ஆந்தையின் கழுத்து என்று எதை எடுத்தாலும் அதில் கடவுளின் கைவேலையைக் காட்டி ஒரு பாடத்தைப் பிழிந்து எடுக்காமல் விடமாட்டார். இன்றைக்கு மலை ஆடு.

ஆனால் இன்றைக்கு மனுஷனின் கவனம் ஆட்டில் இல்லை.

மகளுக்கு செல்போன் டவரில் ஏறி ஆன்டெனா மாட்டுகிற வேலை. முடித்துவிட்டுத் தரையில் காலை வைத்ததும் அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். மதியத்துக்குள் வரவேண்டியது, சாயங்காலக் கூட்டத்துக்கு ஆட்கள் சேர்ந்த பிறகும் வரவில்லை. காற்று வேறு கிளம்பி மண்டபத்து ஜன்னல்களை அறைந்துகொண்டிருந்தது. அவரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

போதாததற்கு, மண்டபத்துக்குள் செல்போன் கூடாது என்று சட்டம் போட்ட மகானுபாவரே அவர்தான். வாசலில் ஒரு தட்டு இருக்கும், எல்லாரும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தன் போனை வைக்கும்போது அவர் கை தட்டைவிட்டு வர மறுத்தது.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன். அவ கூப்பிட்டா தலையாட்டுறேன். நீங்க போய்ப் பேசுங்க," என்றாள் மனைவி. அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

மேடை ஏறினார்.

"இந்த ஆட்டோட குளம்பைப் பாருங்க. ஓரம் கல்லு மாதிரி கெட்டி, பாறை விளிம்பைக் கவ்விக்கும். நடுவுல ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கும், அது வழுக்காம ஒட்டிக்கும். வெறும் கெட்டியா இருந்தா சறுக்கிடும். வெறும் மெத்துனு இருந்தா தேஞ்சு போயிடும். நம்ம மனசையும் கடவுள் அப்படித்தான் கேக்குறாரு. கொள்கையில கெட்டி, மனுஷங்ககிட்ட இளக்கம்."

தலைகள் ஆடின. வாசலில் ஆடவேண்டிய தலை மட்டும் ஆடவில்லை.

குளம்பு இரண்டாக விரிந்து பாரத்தைப் பங்குபோடுவதைச் சொன்னார். குடும்பமும் அப்படியே என்றார். முன்கூட்டியே மனப்பாடம் பண்ணியது என்பதால் வாய் தன்பாட்டுக்குப் பேசியது. காது ஜன்னலிலேயே கிடந்தது. ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டதும் பாதி வார்த்தையை விழுங்கினார்.

"அதனாலதான் எவ்வளவு உயரத்துலயும் இந்த ஆடு பயப்படாது. விழாது. என் பொண்ணு..."

முன்வரிசைத் தையல்காரம்மா இப்போதே சிரிக்கத் தயாரானார். எந்த மிருகமானாலும் கடைசியில் மகளிடம் வந்து நிற்பது கண்ணாடிக் கடைக்காரரின் வழக்கம். உயரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பேச்சுக்காக அவர் படித்த புத்தகத்தில், மலை ஆடுகளும் கால் தவறி விழுந்து சாவது உண்டு என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் பாடம் எதுவும் பிழிய முடியாததால் நைசாகப் புரட்டிவிட்டிருந்தார். அந்தப் பக்கம்தான் இப்போது கண்ணுக்குள் வந்து நின்றது.

"விழும்," என்றார். "விழும்ங்க. நானே படிச்சேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன். என் பொண்ணு டவர் மேல போனவ, இன்னும் போன் வரல. இதுக்கு மேல எனக்குப் பேச வரல."

மேடையிலிருந்து இறங்கினார். தையல்காரம்மா நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். வாசலுக்குப் போய், தான் போட்ட சட்டத்தைத் தானே மிதித்துப் போனை எடுத்துக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை எடுத்தாள்.

"அப்பா."

"எங்கம்மா இருக்க?"

"கீழதான். வேன்ல உக்காந்திருக்கேன்."

"எப்ப இறங்குன?"

"மத்தியானமே இறங்கிட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பாதி ஏறும்போதே காத்து தூக்குச்சுப்பா. கால் ரெண்டும் உதற ஆரம்பிச்சிருச்சு. வேலைய முடிக்காம இறங்கிட்டேன். நீங்க கூப்பிட்டதெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இன்னைக்கு மலை ஆடுன்னு காலையிலயே அம்மா சொன்னாங்க. எல்லார் முன்னாடியும் என்னைத்தான் பயப்படாத ஆடுன்னு சொல்லுவீங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எடுக்குறது?"

இத்தனை நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதற்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் துடித்தது. ஆனால் காற்றுக்குப் பயந்து இறங்கிய பெண், இறங்கிய பிறகு அப்பாவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது உறைத்ததும், கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

"பேச்சு நல்லா போச்சாப்பா?" என்றாள்.

"இல்லம்மா. பாதியிலயே நிறுத்திட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

மண்டபம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"பயமா இருந்துச்சு," என்றார்.