சக்கரம் இல்லாத கோச்சி

"சீமெந்து லொறி வாசல்ல நிக்குது. நூறு மூட்டை. எங்க எறக்கச் சொல்றே, ஒங் கோச்சிக்குள்ளயா?"

"நாளைக்கு ஒரு நாள்தாம்ப்பா. அர்ஷாத் சார் வந்து பாத்துட்டுப் போனதும் எல்லாத்தையும் கழட்டிடுறேன்."

"இதத்தான் பொங்கலுக்கும் சொன்னே."

"பொங்கலுக்கு மோட்டர் வரலப்பா."

"மோட்டர் வரல, சக்கரம் வரல, தண்டவாளம் வரல. நான் மட்டும் லொறிக்காரனுக்குப் பதில் சொல்லிக்கிட்டு வாசல்ல நிக்கணும்."

முத்தையா முதலாளிக்குப் பதுளை பஜாரில் ஹார்ட்வெயார் கடை. கடைக்குப் பின்னால் கோடவுன், கோடவுனுக்குப் பின்னால் எங்கள் அடுக்களை ஜன்னல். நான் ஒட்டுக் கேட்பதாக அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அப்பனும் மகனும் அந்தச் சத்தம் போட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கும் கேட்கும். நான் ஜன்னலை மட்டும்தான் திறந்து வைத்திருந்தேன்.

மகன் துவாரகன் எஞ்சினியர். கொழும்பில் ஒரு சின்ன கம்பனியில் வேலை. நகரத்துத் தெருக்களில் ஓடும் இலகு ரயில் பெட்டிகளுக்குப் படம் வரைந்து வெளிநாட்டுக்குக் கொடுக்கிற கம்பனி. கொழும்புக்கும் அந்தக் கோச்சி, அதாவது ரயில், வரும் என்றார்கள், பிறகு வராது என்றார்கள். கம்பனி பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. துவாரகனை முழுதாக அனுப்பாமல், வீட்டிலிருந்து ஒரு படி செய்து காட்டு, பிடித்திருந்தால் திரும்ப எடுக்கிறோம் என்றது.

படி என்றால் ஏறுகிற படிதான். அவன் எனக்கும் ஒருநாள் மதிலுக்கு மேலால் விளக்கினான், நான் கேட்டதால். இந்தப் பெட்டிகளில் தரை உயரம். சக்கரமும் மோட்டரும் அடியில் அடங்கிவிடும், உள்ளே மேடு பள்ளம் இல்லை, செய்வதற்குச் செலவும் குறைவு. ஆனால் தெருவிலிருந்து பெட்டித் தரைக்கு மூன்றடிக்கு மேல். உயரமான மேடை கட்டிய இடத்தில் நேராக உள்ளே நடக்கலாம். மேடை இல்லாத இடத்தில் கதவு திறக்கும்போது படி தானாகத் தெருவுக்கு இறங்க வேண்டும். கம்பனியில் இன்னொரு கோஷ்டி, படியே வேண்டாம், எல்லா இடத்திலும் மேடை கட்டச் சொல்லுவோம் என்று நின்றது. எது வெளிநாட்டுக்குப் போவது என்பதைக் கம்பனியின் பெரிய எஞ்சினியர் அர்ஷாத் வந்து பார்த்து எழுதுவார்.

அதற்காகத்தான் கோடவுன் நடுவில் பலகையிலும் இரும்பிலும் ஒரு கதவு, அதன் இருபுறமும் ஆறு ஆறு அடி பெட்டி. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு முனையிலும் பெயின்ட் வாளிகள் அடுக்கியிருந்தன.

இந்தப் படியில் ஒரு கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. பண்டாரவளையில் கௌசிகா என்று ஒரு பெண் பார்த்து, பாக்கு வெற்றிலை வரைக்கும் வந்திருந்தது. பெண்ணின் தகப்பன் மரக்கறி மொத்த வியாபாரி. "மாப்பிள்ளைக்குக் கோச்சி வரட்டும், தேதி வைப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பின் மூன்று மாதமாகப் போனையும் எடுக்கவில்லை.

மூன்று மாதமும் துவாரகன் ஆளைப் பிடித்து ஏற்றி இறக்கினான். முதலில் சீமெந்து மூட்டையோடு கடைப் பையன்கள். அடுத்தது, கடையில் ஆணி நிறுக்கிற கலாராணி. அவள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பெண். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறுவாள். "சின்ன மொதலாளி, இந்நேரத்துக்கு நான் நடந்தே நமுனுகுல மலை உச்சிக்குப் போயிருப்பேன்" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மா ராசம்மாவையும் கூட்டிவந்தாள். கொழுந்துக் கூடையோடு முப்பது வருசம் மலை ஏறிய முழங்கால் அது. ஒரு தடவை ஏறிவிட்டு மேலேயே நின்றுகொண்டது.

"தம்பி, மூணு படிய நாலாக்குங்க. இல்லாட்டி என்னைய இங்கயே விட்டுட்டுப் போங்க."

அவன் நாலாக்கினான். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, இன்னும் ஒரு மாதம். முத்தையா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகன் கொழும்பில் லீவு என்று சொல்லிப் பார்த்தார். உள்ளேயிருந்து வெல்டிங் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் யாரும் நம்பவில்லை.

அவன் பெருமைப்பட்டது வேறொன்றுக்கு. கீழ்ப்படியின் அடிவிளிம்பில் ஒரு ரப்பர் பட்டி. இறங்கும்போது அதில் ஏதாவது முட்டினால் படி நின்று மேலே போய்விடும். மூன்று தடவை முட்டினால் பூட்டிக்கொண்டு கத்தும். சிறு பிள்ளையின் கால் கீழே இருந்தால் நசுங்காது. அவன் தன் காலையே வைத்துக் காட்டினான். அவன் அம்மா ராமாமிர்தம் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அர்ஷாத் வருகிற நாள் காலை ராமாமிர்தம் கோடவுனைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, கதவுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, கோயிலிலிருந்து வாங்கிவந்த, தடித்துச் சுருக்கம் விழுந்த சிவப்புக் கம்பளத்தைப் படிக்குக் கீழே விரித்தாள். துவாரகன் கம்பளத்துக்கும் சம்மதித்து, ஒரு தடவை படியை இறக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று குளிக்கப் போனான். போனதும் அவள் மடியிலிருந்து நாலு எலுமிச்சங்காயை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, எடுத்தாள்.

நம் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் சைக்கிளாக இருந்தாலும் சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்து ஏற்றி நசுக்காமல் ரோட்டுக்கு எடுப்பதில்லை. அவள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சக்கரம் இல்லை. சற்று யோசித்தாள். கீழே வருவது படிதானே, அதுவே நசுக்கட்டும் என்று, குங்குமம் தொட்டு, உருளாமல் இருக்கக் கம்பளத்துக்கு அடியில் வரிசையாக வைத்துவிட்டு மேலே தடவிக் கும்பிட்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நல்ல காரியமாகத்தான் பட்டது.

அர்ஷாத் பத்து மணிக்குக் கம்பனி வான் வண்டியில் வந்தார். மெலிந்த, அவசரமான மனிதர். வடையும் தேத்தண்ணீரும் வைத்தார்கள். துவாரகன் பட்டனை அமத்தினான். கதவு அழகாகத் திறந்தது. படி இறங்கி, கீழே வரும் நேரத்தில் நின்று, மேலே போய்விட்டது. மறுபடி அமத்தினான். அப்படியே. மூன்றாம் தடவை மேலே போய்ப் பூட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

பிறகு ஒரு மணி நேரம் துவாரகன் மேலே ஏறி நின்று வயரைப் பிடுங்கினான், செருகினான், பெற்றரியை மாற்றினான். கத்தலை நிறுத்தித் திரும்ப இறக்கினால் அதே மூன்று முட்டு, அதே கத்தல். எல்லாரும் மேலே படியின் மோட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராமாமிர்தம் பூஜை அறைக்குள் போய்விட்டாள். எனக்கும் அந்த நேரத்தில் அந்தத் தேசிக்காய் ஞாபகம் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"நேத்து நாப்பது தடவ எறங்கிச்சு சார்."

"எறங்கியிருக்கும் துவாரகன். நான் இன்னைக்குத்தானே வந்தேன்."

அவர் வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கலாராணி கம்பளத்தைச் சுருட்டினாள். நாலு தேசிக்காய். ஒன்றுகூட நசுங்கவில்லை, தோலில் ஒரு கீறல் இல்லை. நாலையும் துவாரகன் கையில் கொடுத்தாள்.

"அம்மா."

"சக்கரம் இருந்தா சக்கரத்துக்கு வச்சிருப்பேன்டா. நீதான் வைக்கல."

அவனுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று ஜன்னலிலிருந்து தெரியவில்லை. உடனே போனைப் போட்டான்.

"சார், படி பழுதில்ல. கீழ தேசிக்காய் இருந்திருக்கு. அதுல பட்டு நின்னுருக்கு. கத்தினதும் அதுக்குத்தான். நான் செஞ்சது நூத்துக்கு நூறு வேலை செஞ்சிருக்கு சார்."

"தேசிக்காயா? நான் பண்டாரவளையில இருந்தே எழுதி அனுப்பிட்டேன்."

"திருத்தி எழுதலாமே சார். அந்த எடத்துல ஒரு புள்ளை கால் இருந்திருந்தா?"

"கால் இருந்திருந்தா எழுதலாம். தேசிக்காய எப்படி எழுதுறது? மேடைக் கோஷ்டிக்கு ஏற்கெனவே படி புடிக்கல. தேசிக்காய்க்கு நிக்கிற படி நாளைக்கு ரோட்டுல கெடக்கிற கச்சான் கடலைக் கோதுக்கும் நிக்கும்ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றதும் பொய்யில்ல துவாரகன்."

"கச்சான் கோதுக்கு நிக்காது சார். நான் போட்டுப் பாத்திருக்கேன்."

"நான் பாக்கலையே."

போனை வைத்துவிட்டு அவன் பட்டனை அமத்தினான். நாலு படியும் ஒரு முனகல் இல்லாமல் இறங்கின. ஏற்றினான், இறக்கினான். பார்ப்பதற்குக் கலாராணியும் நானும்தான் இருந்தோம். முத்தையா வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான்டா எறங்குது" என்றார். "லொறிக்காரன வரச் சொல்லட்டுமா?"

மேடை கட்டுகிற படம்தான் வெளிநாட்டுக்குப் போனது. மேடையும் கட்டப்படவில்லை, ரயிலும் வரவில்லை. அது வேறு கதை. கோடவுனில் இப்போது சீமெந்து. ராசம்மா ஒரு நாள் வந்து, மோட்டரைக் கழற்றிவிட்டு அந்த நாலு படியைத் தந்தால் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வைத்துக்கொள்வேன் என்று கேட்டு எடுத்துப் போனாள். இந்த ஒரு காரியத்தை முத்தையா மறுபேச்சில்லாமல் செய்தார்.

கௌசிகாவை அந்த வைகாசியிலேயே மாத்தளையில் ஒரு பேங்க் உத்தியோகத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். அர்ஷாத் குடும்பத்தோடு டோஹாவுக்குப் போய்விட்டார். துவாரகன் கொழும்பில் லிப்ட் பழுது பார்க்கிற கம்பனியில் சேர்ந்தான். கதவு இடுக்கில் விரல் மாட்டினால் திறந்துவிடுகிறதா என்று மாடி மாடியாகப் போய்ப் பார்க்கிற வேலை.

துவாரகனும் கலாராணியும் கட்டிக்கொள்வோம் என்று நின்று ஒரு நாள் வீட்டில் பெரிய சண்டை மூட்டுவார்கள் என்று எங்கள் தெருவில் எல்லாரும், முக்கியமாக நான், காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவள் தெமோதரையில் ஒரு த்ரீவீல்காரரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குத் துவாரகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். மாப்பிள்ளையின் புது த்ரீவீல் மண்டப வாசலில் மாலையோடு நின்றது. ராமாமிர்தம் மடியிலிருந்து மூன்று தேசிக்காயை எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக வைத்தாள். வண்டி கிளம்பியது. மூன்றும் நசுங்கின. துவாரகன் செருப்புத் தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கலாராணி தெமோதரைக்குப் போய்விட்டாள்.