தொப்ளான் வயலுக்கு மேற்கே

காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கிறாள் அந்தப் பெண், ஈரம் பட்டால் எழுத்து அழிந்துவிடும் என்று பயம், முழங்கால்வரை சேறு, ரோட்டோடு போன என்னைக் கூப்பிட்டு, அண்ணே இதுல என் நெலம் எதுண்ணே என்கிறாள், உபரி நிலத்தில் சர்க்கார் பட்டா கொடுத்திருக்கிறதாம், அடுத்த ஊர்க்காரி, புருஷன் இல்லை, பேர் செந்தாமரை, காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டுகிறேன், ஐம்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, இன்னும் ஒவ்வொன்றாய்த்தான் வரும், மூன்று மா நிலம், சர்வே நம்பர் நூற்றுப்பதினாலில் இரண்டு, எனக்குக் கால் கூசுகிறது, பதினெட்டு வருஷம் நான் குத்தகைக்கு உழுத வயல் இது.

அன்றைக்கு நானும் இவளைப் போலத்தான் நின்றேன், கோர்ட்டுக் கூண்டில், காலில் சேறு இல்லாதது ஒன்றுதான் வித்தியாசம், பண்ணையாரின் நிலம் உச்சவரம்புக்கு மேலே என்று சர்க்கார் எடுத்துக்கொண்டது, நான் குத்தகைக்காரன் என்று நிரூபித்தால் இந்த மூன்று மா எனக்கு, இல்லையென்றால் இழப்பீடு முழுக்கப் பண்ணையாருக்கு, நிலம் வேறு யாருக்கோ, பண்ணையாரின் வக்கீல் அதட்டவில்லை, சிரித்த முகமாய், உன் வயலுக்குக் கிழக்கே யாருப்பா என்றார், தொப்ளான் வயலுங்க, தொப்ளான் இப்ப எங்கே, செத்துட்டாருங்க, எப்போ, எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முந்திங்க, சரி தெற்கே, காத்தான் வயலுங்க, அவர் எங்கே, அவரும் செத்துட்டாருங்க, ஐயா, இவர் சுடுகாட்டிலே குத்தகை எடுத்திருக்கிறார் போல என்று வக்கீல் ஜட்ஜைப் பார்த்துச் சொல்ல, கோர்ட்டே சிரித்தது, நானும் சிரித்தேன், பெரியவர்கள் சிரிக்கும்போது உம்மென்று நிற்பது மரியாதையில்லை என்று. எங்கள் ஊரில் வயல் உழுதவன் பேரில்தான் இருக்கும், அவன் போனபிறகும் இருக்கும், அடுத்தவன் பேர் ஒட்டுவதற்கு ஒரு தலைமுறை ஆகும், இதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, சொல்லித் தெரியவேண்டிய சங்கதியா அது.

தீர்ப்பை நானே விரல் வைத்து வாசித்தேன், மனுதாரர் நிலத்தின் எல்லைகளை அறியாதவர், மனு தள்ளுபடி, என் பெண்சாதி வெள்ளச்சி அடுப்பை ஊதிக்கொண்டே, வரப்பு வெட்டியே இடுப்பு ஒடிஞ்ச மனுசன் எல்ல தெரியாதவராம், அந்த ஜட்ஜு ஒரு நா வந்து நாத்து நடட்டும், தண்ணி எந்தப் பக்கம் வடியும்னு அவரு முட்டியே சொல்லும் என்றாள், சொல்லிவிட்டு அழுதாள், கேட்டதற்குப் புகை என்றாள்.

அண்ணே, இந்த நம்பரு எங்கண்ணே நிக்குது, செந்தாமரை மறுபடி கேட்கிறாள், கோபம் வரும் என்றுதான் இத்தனை நாள் இந்த வரப்பை மிதிக்காமல் இருந்தேன், வரவில்லை, அவள் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், வெள்ளச்சி காலில் இருப்பது போலவே, வா தாயி என்று காகிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடக்கிறேன், கெழக்க அது தொப்ளான் வயலு, தெக்க காத்தான் வயலு, ரெண்டு பேரும் செத்துட்டாங்க, கோர்ட்டுல எவனாவது கேட்டா பேரச் சொல்லிப்புடாத, நம்பரச் சொல்லு, காகிதத்தை மறுபடி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, உதட்டுக்குள் நம்பரைச் சொல்லிப் பார்த்தபடி வந்தவள் சட்டென்று நின்றாள், தெருவில் இந்த வயலுக்கும் ஒரு பேர் சொன்னார்களே என்று என் பேரைச் சொன்னாள், அவரு எப்பண்ணே செத்தாரு.

இன்னும் இல்ல தாயி என்றேன்.

தூக்கிப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது, காகிதத்தின் ஓரம் ஈரச் சேலையில் பட்டது, அவள் கவனிக்கவில்லை, மேற்கெல்லையும் வடக்கெல்லையும் காட்டப் பாக்கி இருந்தன, இந்த முறை அவள் என் பின்னால் வரவில்லை, வரப்பு குறுகல்தான், பக்கத்திலேயே நடந்து வந்தாள்.