லைப்சிக்குக்கு ஒரு கணக்கு

என் கணவர் உருத்திரமூர்த்தி ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்றாலும் எர்லாங்கன் நகரில் இருக்கும் ஸ்ரீநிவாசைக் கேட்காமல் வாங்கமாட்டார். ஸ்ரீநிவாஸ் தமிழ்நாட்டுப் பொறியியலாளர். போன வருடம் பேர்லின் முருகன் கோயில் திருவிழாவுக்கு வந்தவரை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நிதி மந்திரி அவர்தான். பாவம், சாப்பிட்டது ஒருநேரச் சோறு.

இந்தமுறை கேட்கப் போனது பிள்ளையைப் பற்றி. எங்கள் ஒரே மகள் தேனுஜாவுக்கு லைப்சிக் நகரில் கதை எழுதப் படிக்கும் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கதை எழுத ஒரு பட்டமா என்று நானும்தான் வாயைப் பிளந்தேன். மூன்று வருடம். படிப்புக்கென்று பெரிய கட்டணம் இல்லை. ஆனால் அரசாங்கம் கொஞ்சம் உதவினாலும் அறை வாடகை, சாப்பாடு, காப்புறுதி என்று மிச்சமெல்லாம் எங்கள் தலையில்தான். இங்கே பேர்லினில், எங்கள் நொய்கெல்ன் பகுதியிலேயே ஒரு வரிக் கணக்காளரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்யவும் அவளுக்கு இடம் இருந்தது. அதில் தொழில் பழகும்போதே மாதச் சம்பளம் வரும். செவ்வாய்க்கிழமைக்குள் லைப்சிக்குக்குப் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது," என்றார் இவர். உணவகத்தில் சமைக்கிறவர், எதையும் கறியில் கொண்டுபோய்த்தான் முடிப்பார்.

தேனுஜா உடனே, "நீங்கள் சொல்லுறபடி செய்யிறன் அப்பா," என்றுவிட்டாள். எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கிற பிள்ளை திடீரென்று நல்ல பிள்ளையானால் எந்தத் தாய்க்குத் தாங்கும்?

திங்கட்கிழமை இவருடைய உணவகம் பூட்டு. மத்தியானம் சாப்பிட்டு முடிய ஸ்ரீநிவாஸ் அழைத்தார். அறைக்குள் இருக்கும் மகளுக்கும் கேட்கட்டும் என்று இவர் சத்தத்தைக் கூட்டி, கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"அங்கிள், ஃபுல்லா கால்குலேட் பண்ணிட்டேன். மூணு வருஷச் செலவு, அந்த மூணு வருஷம் விட்டுப்போற சம்பளம், ரெண்டையும் சேர்த்தாச்சு. எழுதுறவங்களோட ஆவரேஜ் வருமானம் ரொம்பக் கம்மி. நாப்பது வயசானாலும் போட்ட காசு திரும்பாது. பக்கா நஷ்டம் அங்கிள்."

இவர் எதிர்பார்த்த பதிலே இதுதான். அப்பாடா என்று கதிரையில் சாய்வார் என்று பார்த்தால், மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தம்பி, ஆரை நட்டம் எண்டு சொல்லுறியள்?"

"தேனுஜாவை இல்ல அங்கிள், டிகிரியைத்தான்..."

"நூற்றுக்கணக்கான பேர் கேட்டு இருபது பேரைத்தான் எடுத்தவங்கள். அதிலை என்ரை பிள்ளை ஒராள். உங்கடை கணக்கிலை அது எங்கை கிடக்கு?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. காலையில்கூட அந்தக் குஞ்சை வரிக் கணக்காளரிடம் அனுப்ப ஒற்றைக்காலில் நின்ற காக்கை இது.

ஸ்ரீநிவாஸ் நல்ல பிள்ளை, கோபிக்கவில்லை. "சாரி அங்கிள். அப்படி என்னதான் எழுதி அனுப்பினா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் எழுதுவது ஜெர்மனில். இவருடைய ஜெர்மன் சமையலறையைத் தாண்டாது, என்னுடையது கடைவாசலைத் தாண்டாது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பிறகு எடுக்கிறன் தம்பி," என்று இவர் தொடர்பைத் துண்டித்தார். "பிள்ளை, அனுப்பினதைக் கொண்டு வா. தமிழிலை சொல்லு பாப்பம்."

தேனுஜா எங்களுக்கு முன்னால் வந்து இருந்து, ஜெர்மனைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறான் ஒருவன். சட்டையெல்லாம் உள்ளிப் பூண்டு மணம். யன்னலில் தலையைச் சாய்த்தவன் நித்திரையாகிவிடுகிறான். அவன் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்து போகிறது. பஸ்ஸை ஓட்டுகிற பெண் கண்ணாடியில் அவனைப் பார்க்கிறாள். அந்த முகத்தில் இருக்கும் களைப்பைக் கண்டு எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கடைசித் தரிப்பிடமும் தாண்டி பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. அவனுடைய வீட்டில் ஒரு சின்னப் பெண் யன்னலடியில் நிற்கிறாள்.

அங்கே நிறுத்தினாள்.

"பிறகு?" என்றார் இவர்.

"அவ்வளவுதான் அப்பா. கொஞ்சப் பக்கம்தான் கேட்டவை."

"அந்த மனுசன் வீட்டை வந்து சேர்ந்திட்டானோ?"

"தெரியாது. நான் இன்னும் எழுதேல்லை."

"பிள்ளை யன்னலடியிலை நிக்குதெல்லோ!"

"ஓம் அப்பா." அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "கனநேரமா நிக்குது."

இவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்ததை நான் கண்டும் காணாதது மாதிரி இருந்தேன். என் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"நாளை வரைக்கும் ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்று மகளை அதட்டினார். "வாடகையை நானும் அம்மாவும் பாக்கிறம். இப்பவே ஓம் எண்டு எழுதிப் போடு. போய், அந்த மனுசனை எழுப்பி வீட்டை கொண்டுவந்து விடு."